புகைக்கொட்டகையில் காட்டிய வெள்ளம்

சுனாமி வந்து கோத்தா கோலா மூடாவில் கடல் ஊருக்குள் ஏறிய மறுநாள் காலை, சுங்கைப் பட்டாணியில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் ஒரே அலை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அது நம் கோலா மூடாவும் இல்லை. வேறெங்கோ யாரோ மாடியில் நின்று எடுத்தது. அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. “இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு” என்றார் ஒருவர். வந்தது. “யம்மாடியோவ்!” என்றார்கள். ரொட்டி போடுகிறவன் மாவைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான். விளம்பரம் குறுக்கே வந்ததும் ஒரு பெரிய மனிதர், “என்னா இது, கட் பண்ணிட்டான்? இன்னொரு வாட்டி போடச் சொல்லு லா!” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார், அலை என்னவோ கடைக்காரரின் சட்டைப் பையில் இருப்பதுபோல.

அடுத்த வாரம் என் தம்பி மகள் வந்தாள். கோலாலம்பூரில் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் படத்தை வெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. வந்தவள் சாப்பிடக்கூட இல்லை. “பெரியப்பா, நீங்க ஆயுசு முழுக்கப் படம் காட்டுனவரு. ஒரு ஆளு தண்ணியில போறதை எத்தனை தடவை காட்டலாம்? எங்க ஆபீஸ்ல இதுக்குத்தான் தினம் சண்டை” என்றாள். எனக்கென்ன தெரியும், நான் என்ன ஜட்ஜா என்றேன். அவள் விடவில்லை. சரி தொலையட்டும் என்று ஜப்பான்காரன் காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன். இதில் யாரும் பாடம் தேட வேண்டாம். எனக்கே கிடைக்கவில்லை.

நான் தொழில் கற்றது சுங்கைப் பட்டாணியில் ஒரு படக்கொட்டகையில். டிக்கெட் கிழித்தேன், பிறகு ரீல் சுற்றினேன், பிறகு மெஷினைத் துடைத்தேன். ஜப்பான்காரன் வந்த வாரம் ஆப்பரேட்டர் குடும்பத்தோடு காட்டுப் பக்கம் ஓடிவிட்டார். கொட்டகையில் மெஷின் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். பிடித்துக்கொண்டார்கள். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அவனுக்கும் படம் காட்ட ஆள் வேண்டியிருந்தது. அரசாங்கப் படவண்டியில் ஏறினேன். பிறகு சுதந்திரம் வந்தது. வண்டி அதேதான், கொடிதான் வேறு. பென்ஷன் வாங்குகிறவரை கொசு ஒழிப்பு, பல் துலக்குவது, ஓட்டுப் போடுவது என்று கெடா மாநிலம் முழுக்கச் சுற்றிக் காட்டினேன். அந்தக் கதையெல்லாம் யாருக்கும் வேண்டாம். மொரி சானிடம் வேலை பார்த்த காலத்தை மட்டும் சொல்கிறேன்.

மொரி சான் சண்டைக்கு முன்னால் எங்கள் ஊரில் போட்டோக் கடை வைத்திருந்தவர். தோட்டத்து ஜனங்கள் கல்யாணம் ஆனதும் அவர் கடைக்குப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் மூன்று சொல்: சிரி, சிரிக்காதே, ஆடாதே. மலாய் நன்றாகப் பேசுவார். சண்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கடையைப் பூட்டிவிட்டுக் காணாமல் போனார். திரும்பி வந்தபோது உடுப்பும் கத்தியுமாக வந்தார். மற்ற ஜப்பான்காரன் எல்லாம் எடுத்ததற்கெல்லாம் கன்னத்தில் அறைவான். இவர் யாரையும் தொட்டதில்லை. குரல்கூட உயராது. அதனாலேயே மற்றவர்களைவிட இவரிடம் எனக்குப் பயம் அதிகம்.

எங்கள் வேலை தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுவது. இருட்டியபின் வெளிச்சம் காட்டக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் பகலில்தான் காட்டினோம். பகலில் இருட்டுக்கு எங்கே போவது? மொரி சான்தான் கண்டுபிடித்தார். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற கொட்டகை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஜன்னல் கிடையாது. அப்போது ரப்பர் வாங்க ஆளில்லாமல் கொட்டகைகள் சும்மா கிடந்தன. மூங்கில் கழிகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, கோடிச் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டுவோம். கதவை மூடினால் கும்மிருட்டு. பல வருஷப் புகை சுவரில் ஊறிக் கிடக்கும். படம் தொடங்குமுன்பே பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

லாரி ஓட்டுகிற சீனர் மெஷினையும் பார்த்துக்கொள்வார். ரீல் சுற்றுவது, அறுந்ததை ஒட்டுவது, தகரக் குழாயைப் பிடித்துக்கொண்டு துணிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கம் சொல்வது எல்லாம் என் வேலை. அந்தக் காலத்துப் படச்சுருள் தீக்குச்சி மாதிரி. மெஷினில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படம் விளக்குக்கு எதிரே நின்றுவிட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும். ஆகவே என்ன நடந்தாலும், யார் கத்தினாலும், மெஷினை நிறுத்தக்கூடாது என்பது முதல் விதி.

மொரி சானிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவர் படத்தைப் பார்க்கமாட்டார். துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜனங்களைப் பார்த்து நிற்பார். துணியிலிருந்து திரும்புகிற வெளிச்சத்தில் அவர்கள் முகம் தெரியும். எங்கே கொட்டாவி விடுகிறார்கள், எங்கே நிமிர்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவார். முகம் பார்ப்பதுதானே அவர் பிழைப்பு.

அப்படிப் பார்த்துத்தான் ஒன்றைப் பிடித்தார். பட்டாளம் நடக்கும், கப்பல் மிதக்கும், பள்ளிப் பிள்ளைகள் கையைத் தூக்கித் தேகப்பயிற்சி செய்யும். அதற்கெல்லாம் நம் ஜனம் சுகமாகத் தூங்கியது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு வந்த உடம்பு, தூங்காமல் என்ன செய்யும்? கடைசியில் சின்னதாக ஒரு வெள்ளக் காட்சி. ஒரு பெரிய ஆறு கரை உடைத்துப் போகிறது. மரம் போகிறது, மாடு நீந்துகிறது, ஓலைக் கூரை ஒன்றின்மேல் ஓர் ஆள் பிள்ளையோடு நிற்கிறான், கூரை சாய்கிறது. இதற்கு மட்டும் கொட்டகை முழுக்க எழுந்து நின்றது. “ஐயோ ஓடு, ஓடு!” என்று துணியைப் பார்த்துக் கத்தினார்கள். மாடு நீந்தும்போது விசில் அடித்தார்கள். கூரை சாயும்போது மூச்சுச் சத்தம்கூட இல்லை. முடிந்ததும் “ஆங், இன்னொருக்கா!” என்றார்கள்.

மொரி சானிடம் அதே படத்தின் பிரதி இன்னொன்று இருந்தது. அன்று சாயங்காலமே அதை எடுத்து, கூரை சாய்கிற துண்டை மட்டும் வெட்டச் சொன்னார். முதல் பிரதியில் அந்த இடம் முடிகிற ஓரத்தை நான் பிளேடால் சுரண்டி, பசை தடவி, வெட்டிய துண்டை ஒட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் படத்தில் கூரை இரண்டு தடவை சாய்ந்தது. அந்த ஆளும் பிள்ளையும் ஒரு தடவை போய், திரும்பக் கூரைமேல் வந்து நின்று, மறுபடி போனார்கள்.

“உங்கள் நாட்டு வெள்ளம் என்று சொல்” என்றார் மொரி சான். “வெள்ளைக்காரன் ஒரு படகுகூட அனுப்பவில்லை என்று சொல்.”

“எந்த ஊர் என்று சொல்ல, துவான்?” மலாயில் ஐயா என்பதற்கு அப்படித்தான்.

“ஊர் பேர் சொல்லாதே. அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.”

அந்த மனிதரின் மூளையே மூளை. அவர் சொன்னபடியேதான் நடந்தது. சண்டை தொடங்கியதிலிருந்து இந்தியாவில் இருந்த சொந்த ஊரிலிருந்து ஒரு கடுதாசி கிடையாது, கப்பல் கிடையாது. ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்த ஜனம் அது. நான் தகரக் குழாயில் “இதோ நம்ம நாட்டு வெள்ளம்” என்றவுடன் ஒருவர், “எங்க கொள்ளிடம்டா!” என்பார். “போய்யா, இது வெள்ளாறு, அந்தா பனைமரம்” என்பார் இன்னொருவர். பனைமரம் எங்கே இருந்தது? எனக்குத் தெரியவே இல்லை. நீந்துகிற மாட்டைப் பார்த்து, “நம்ம பக்கத்து மாடுதான், கொம்பப் பாரு!” என்று கண்ணீரோடு சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளத்தில் போகிற ஊராக இருந்தாலும் ஊரைப் பார்த்துவிட்டோமே என்று ஒரு சந்தோஷம்.

கரங்கானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கேதான் பாக்கியம் அக்கா இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவர் புருஷன் வீரமுத்து, பங்காளித் தகராறு ஒன்றைத் தீர்க்க ஊருக்குப் போனவர், பாட்டியிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருந்தார். அவர்கள் போன பின்பு சண்டை வந்துவிட்டது. இவர் இங்கே தனியாக நின்றார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

படத்தில் அந்த ஆள் தன் துண்டை அவிழ்த்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டித் தன்னோடு இறுக்கிக்கொள்வான். அந்த இடம் வந்ததும் இவர் எழுந்தார். “ஏங்க!” என்றார். பிறகு, “ஏங்க, புள்ளைய விட்டுறாதீங்க!” என்று ஒரு சத்தம். கூரை சாய்ந்தது. அவர் அப்படியே நின்றார். அடுத்த நொடி, நான் ஒட்டிய துண்டு ஓடியது. கூரை மறுபடி நிமிர்ந்தது, அந்த ஆள் மறுபடி நின்றான். பாக்கியம் அக்கா, “வந்துட்டாங்க, வந்துட்டாங்க!” என்று ஓடிப்போய் இரண்டு கையாலும் துணியைப் பிடித்தார். வெள்ளம் முழுக்க அவர் முதுகின்மேல் ஓடியது. கூரை அவர் கைக்குமேலேயே சாய்ந்து போனது.

நான் தகரக் குழாயைக் கீழே இறக்கிவிட்டேன். மெஷினை நிறுத்த முடியாது. மொரி சான் பக்கத்தில்தான் நின்றார். வாயில் விரலை வைத்துக் காட்டினார், நீ பேசாதே என்று. அவர் பார்வை பாக்கியம் அக்காவின் மேல் இல்லை. அவரைப் பார்த்து அழத் தொடங்கிய கொட்டகையின் மேல் இருந்தது.

மறுநாள் காலை மொரி சான் என்னைக் கூப்பிட்டார். ஒரு சிறிய மூட்டை அரிசியைக் காட்டினார். அந்தக் காலத்தில் அரிசி என்றால் பொன். “நேற்று அழுத பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா. பாலிங் பக்கம் போகிறோம். முன்வரிசையில் உட்காரட்டும், போதும்” என்றார். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்த அரிசி அக்காவின் அழுகைக்குக் கூலி. ஆனால் போனேன். போகமாட்டேன் என்று சொல்லக்கூடிய வேலை இல்லை அது.

தோட்டத்து ஜனம் குடியிருக்கும் லயத்தில் அக்காவின் வீட்டை ஏற்கெனவே சாவு வீடாக ஆக்கியிருந்தார்கள். வீரமுத்துவின் சித்தப்பா மாணிக்கம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. நாளைக்குக் காரியம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாளைக்குத் தாலியை எடுத்துவிட வேண்டும், பொட்டை அழித்துவிட வேண்டும். உள்ளே பாக்கியம் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை தாலியை இறுகப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் மாணிக்கம் எழுந்து வந்தார்.

“படக்காரத் தம்பி, நீயே சொல்லு. கேள்விப்பட்ட சாவுன்னா, நெசமா பொய்யான்னு யோசிக்கலாம். இது தோட்டமே கண்ணால பாத்த சாவு. இதுக்கு மேல பொட்டோட இருந்தா போன உசிருக்கு ஆகுமா?”

நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து கேள்வி வந்தது. “தம்பி, நீதான அங்க நின்னு சொன்ன. அது எந்த ஊரு?”

“தெரியாதுக்கா.”

“தெரியாமயா சொன்ன?”

“சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்.”

“எடுபட்ட பயலே” என்றார். கோபம்கூட இல்லை அதில். மாணிக்கம், “ஊரு தெரிஞ்சா என்னா, தெரியலன்னா என்னா? நம்ம வீரமுத்து நிக்கிற நிலை எனக்குத் தெரியாதா? இடுப்புல கைய ஊனி நின்னானே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அரிசியைப் பற்றியும் சொன்னேன். வாசலில் நின்றவர்கள் காறித் துப்பினார்கள். மாணிக்கம், “தாலி எடுக்கப் போற வீட்டுப் பொம்பளைய லாரில ஏத்திக்கிட்டுப் போய் வேடிக்கை காட்டப் போறீங்களாடா?” என்று என் சட்டையைப் பிடித்தார். பிடிக்கட்டும் என்று நின்றேன். பாக்கியம் அக்கா எழுந்து வெளியே வந்தார்.

“நான் போறேன் மாமா.”

“அரிசிக்கா?”

“இன்னொரு தடவை பாக்கணும். அவருதானான்னு பாக்கணும். பாத்துட்டு வந்து நீங்க சொன்னபடி செய்யிறேன். அதுவரைக்கும் யாரும் இதத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தார்.

பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் அன்று மத்தியானம் காட்டினோம். மொரி சான் அவரைத் தானே கூட்டிவந்து முன்வரிசையில் நடுவில் உட்கார வைத்தார், கல்யாணப் பொண்ணை உட்கார வைப்பதுபோல. வெள்ளம் வந்தது. நான் வழக்கம்போலச் சொன்னேன். பின்னாலிருந்து, “இது எங்க ஆறு!” என்று ஒரு குரல். பாக்கியம் அக்கா அசையவில்லை. அழவில்லை. கழுத்தை நீட்டி, கண் கொட்டாமல் பார்த்தார். கூரை சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. ஒன்றுமில்லை. முன்வரிசையே கல் மாதிரி உட்கார்ந்திருந்ததால் பின்வரிசைகளும் அடங்கிவிட்டன. மொரி சானின் முகம் சுருங்குவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார். “ரொம்ப வேகமா ஓடுது தம்பி. அந்த எடத்துல நிறுத்தச் சொல்லு.”

“நிறுத்துனா பத்திக்கிரும்கா.”

“அப்ப நான் எப்படிப் பாக்கிறது? தாலி எடுக்கணுமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது?”

மொரி சான் என்ன என்று கேட்டார். சொன்னேன். “இவளுக்குச் சந்தேகம் இருக்கிறது. சந்தேகம் இருக்கிறவரை அழமாட்டாள். தீர்த்துவிடு” என்றார். பெட்டியைத் திறந்து, போட்டோக் கடையில் கண்ணாடித் தகடுகளைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

கொட்டகைக்கு வெளியே நல்ல வெயில். நான் ரீலைப் பிரித்து அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். என் ஒட்டு எனக்குத் தெரியாதா? படச்சுருளை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு படமும் தபால்தலை அளவுதான். பாக்கியம் அக்கா கண்ணாடியைக் கண்ணோடு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் மெல்ல மெல்ல இழுத்தேன். அந்த ஆளின் முகம் எந்தப் படத்திலும் தெளிவாக இல்லை. “அவரு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு” என்றார். இன்னும் இழுத்தேன். பிள்ளை திரும்புகிற இடம் வந்தது. துணியில் பார்க்கும்போது அது கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காது.

“நிறுத்து.”

நிறுத்தினேன். கையில் பிடித்திருக்கும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

“சடை” என்றார். “தம்பி, சடை தொங்குது. பாரு. இது பொம்பளப் புள்ள.”

வாங்கிப் பார்த்தேன். ஆமாம். முதுகில் ஒரு சடை, நுனியில் ஏதோ கட்டியிருந்தது. எத்தனையோ தோட்டத்தில் காட்டியிருக்கிறேன், என் கையாலேயே வெட்டி ஒட்டியிருக்கிறேன். நான் பார்த்ததே இல்லை.

“எனக்குப் பையன்தான். எனக்குப் பையன் தம்பி!” என்று சொல்லிச் சிரித்தார். தாலியை வெளியே எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மாரியம்மா, மாரியம்மா என்றார். பிறகு மறுபடியும் கண்ணாடியை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, கரங்கானில் அழுததைவிடப் பெரிதாக அழுதார். யாரும் பார்க்காத கொட்டகைப் பின்புறத்தில் அழுதார்.

மொரி சான் எட்டிப் பார்த்தார். “புருஷன்தானாமா?”

“இல்லை, துவான். அது வேறு யாரோ. பிள்ளை ஒரு பெண்பிள்ளை.”

“பிறகு ஏன் அழுகிறாள்?”

நான் ரீலைத் திரும்பச் சுற்றத் தொடங்கினேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “இதை உள்ளே அழுதிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அரிசி மூட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நியாயமான மனிதர்.

கரங்கானுக்குத் திரும்பும் வழியில் ஓர் ஆற்றுப் பாலம் உண்டு. அதைக் கண்டதும் பாக்கியம் அக்கா லாரியின் பலகையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். சீனர் நிறுத்தினார். அக்கா அரிசி மூட்டையோடு இறங்கினார். வாந்தி வருகிறதோ என்று நானும் பின்னால் போனேன். அவர் புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தலை முழுகினார். எழுந்து மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அரிசி எடுத்து ஆற்றில் போட்டார்.

“அக்கா, என்ன பண்றீங்க? அரிசிக்கா அது!” என்று கத்திவிட்டேன். வயிறு அப்படி. கடைசியாக நான் சோறு தின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை.

“வாய்க்கரிசி” என்றார். “யாரு பெத்த புள்ளையோ. என் புள்ளைன்னு நெனச்சு நேத்துலேர்ந்து மாரடிச்சு அழுதிருக்கேன். இப்ப என் புள்ள இல்லன்னதும் அப்பிடியே தூக்கிப் போட்டுட்டு வந்துற முடியுமா? அதுக்கு ஆத்தா இருந்தாளா, அவளும் தண்ணியில போனாளா, யாருக்குத் தெரியும்?” ஈரத் தலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ எத்தனை தடவை பாத்திருப்ப?”

“கணக்கே இல்லக்கா.”

“ஒரு தடவையாச்சும் தலைக்கு ஊத்துனியா?”

நான் லாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

“எறங்கு.”

இறங்கினேன். அவர் என் கையில் அரிசி வைத்தார். போட்டேன். தலை முழுகினேன். மேலே லாரியில் மொரி சான் உட்கார்ந்திருந்தார். யாருக்கு என்று கேட்டார். படத்தில் இருந்தவர்களுக்கு என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். புழுக்கத்துக்குக் கழற்றினாரா, வேறு எதற்காவது கழற்றினாரா, நான் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, நேரமாகிறது என்றார்.

லயத்தில் மாணிக்கம் காரியத்துக்கு எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தார். அக்கா லாரியிலிருந்து குதித்து, “மாமா, அது நம்ம புள்ள இல்ல. பொம்பளப் புள்ள. சடை இருக்கு. என் கண்ணால பாத்தேன்” என்றார். மாணிக்கம் என்னைப் பார்த்தார். “நானும் பாத்தேங்க” என்றேன். பெரிய மனிதர், கூட்டத்துக்கு நடுவில் சிறுபிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். தாலியை எடுப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகும் அந்தப் படத்தைக் காட்டினோம். கூரை அதே இரண்டு தடவை சாய்ந்தது. நான் மட்டும் சொல்வதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். “எந்த ஊர் என்று தெரியவில்லை. கூரைமேல் இருப்பது ஒரு பெண்பிள்ளை, சடை போட்டிருக்கிறது, கவனித்துப் பாருங்கள்” என்று சொன்னேன். சில தோட்டத்தில் சத்தம் அடங்கியது. சில தோட்டத்தில் அப்போதும் மாட்டுக்கு விசில் அடித்தார்கள். மொரி சானுக்குத் தமிழ் தெரியாது. பிறகு ஜப்பான்காரர்கள் கெடாவைச் சயாம்காரனிடம் கொடுத்தார்கள். மொரி சான் வேறெங்கோ மாற்றலாகிப் போனார். என்ன ஆனார் என்று தெரியாது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது மாணிக்கத்தையும் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கி, சில வருஷம் கழித்து, அரசாங்கப் படவண்டியோடு கரங்கான் திடலுக்குப் போனேன். கொசுப் படம். துணி கட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பில் கையை ஊன்றி நின்றார். அவர் தோளுக்குமேல் வளர்ந்த ஒரு பையன் கூட நின்றான். கொஞ்சம் தள்ளி, நெற்றி நிறையப் பொட்டோடு பாக்கியம் அக்கா.

“நீங்கதானுங்களா அந்தப் படக்காரரு?” என்றார் அவர். “ஒண்ணு கேக்கணும், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் உசுரோட வந்து நிக்கிறேன். மகனும் இந்தா நிக்கிறான். ஆனா வருஷத்துக்கு ஒரு நாளு இவ ஆத்துல தலை முழுகி அரிசி போடுறா. யாருக்குடின்னு கேட்டா, மகளுக்குங்கிறா. உங்களக் கேளுங்கிறா. எங்களுக்கு மக பொறக்கவே இல்லையேங்க.”

பாக்கியம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருந்துச்சுங்க அண்ணே” என்றேன். “நானும் பாத்தேன்.”